கொடுங்கோலன் என்று எழுதினேன்

கல்யாணமான கையோடு யாழ்ப்பாணத்தை விட்டு, செட்டிகுளத்துக்கு அங்கால் ஒரு குளத்தடிக் குடியேற்றத்துக்கு வந்தோம். ஐம்பதுகளின் நடுப்பகுதி. அரசாங்கம் வயலும் மேட்டுக்காணியும் ஒரு சின்ன வீடும் தந்திருந்தது. அங்கே எஸ்.எஸ்.சி. வரை படித்த பெண் நான் ஒருத்திதான். கடிதம், மனு எதுவென்றாலும் என்னிடம் வருவார்கள்.

பக்கத்துக் காணி அக்காவின் புருஷன் பாம்பு கடித்து இறந்துபோனார். கைக்குழந்தையோடு சேர்த்து மூன்று பிள்ளைகள். அந்தப் போகம் அக்காவால் விதைக்க முடியவில்லை. விதைக்காத காணியை அரசாங்கம் திருப்பி எடுக்கலாம் என்பது சட்டம். குடியேற்ற அதிகாரி ஜீப்பில் வந்தார். அவரும் தமிழர்தான். முற்றத்தில் நின்றபடியே, "மாத முடிவுக்கிடையிலை வெளிக்கிடு" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கே மனு எழுத உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் எழுத்துக் கோணிக்கொண்டு போனது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்த சொல்லொன்று தானாக வந்து விழுந்தது: ‘இந்தக் கொடுங்கோலனிடமிருந்து எங்களைக் காப்பாற்றும்படி வேண்டுகிறோம்.’

வாசித்துக் காட்டியபோது அக்கா கேட்டா, "அதென்ன, கொடுங்கோலன்?"

"குடிசனத்தை வதைக்கிற ராசா."

"அவர் ராசா இல்லையே, பிள்ளை."

"இஞ்சை அவர்தானே ராசா."

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, பெருவிரலை மையில் தோய்த்து மனுவில் வைத்தா.

விசாரணை பள்ளிக்கூடக் கொட்டிலில் நடந்தது. குடியேற்ற அதிகாரிக்கும் மேலான காரியாதிகாரி கதிரையில் இருந்தார். பக்கத்தில் குடியேற்ற அதிகாரி. ஊர்ச்சனம் முழுவதும் சுவரோரம் நின்றது. காரியாதிகாரி மனுவை உரத்து வாசித்துக்கொண்டு வந்து, அந்தச் சொல்லில் நிறுத்தினார்.

"இதை ஆர் எழுதினது?"

என் மனுசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் காணிக்கும் பேமிற் என்கிற அனுமதிப்பத்திரம் கொடுப்பது அதே அதிகாரிதான்.

"நான்தான் ஐயா" என்றா அக்கா.

"அப்ப கருத்தைச் சொல்லு பாப்பம்."

நான் சொல்லிக் கொடுத்தது பயத்தில் மறந்துபோயிற்று. குழந்தையை மற்றத் தோளுக்கு மாற்றினா.

நான் முன்னுக்கு வந்தேன். "அவாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது ஐயா. நான் எழுதினனான்."

காரியாதிகாரி கோபப்படவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது. மெதுவாகக் கேட்டார்: "கோல் எண்டால் செங்கோல். அது ஆரின்ரை கையிலை இருக்கு? இங்கிலாந்து மகாராணியின்ரை கையிலை. அவவின்ரை உத்தியோகத்தரை நீர் கொடுங்கோலன் எண்டால், அது ஆரைப் போய்ச் சேரும்? இதுக்கு மறியற்சாலைக்கும் போகலாம், தெரியுமோ?"

பேனையை என் பக்கம் நீட்டினார். "அந்தச் சொல்லை வெட்டும்."

வெட்டினேன். பேனையை அழுத்தியதில் கடதாசி கிழிந்தது. அதன் பிறகுதான் அக்காவுக்கு இன்னொரு போகம் தவணை கொடுத்தார். அடுத்த மழைக்கு எல்லோருமாகச் சேர்ந்து அக்காவின் வயலை உழுது விதைத்தோம். காணி தப்பியது. ஆனால் எங்கள் வாய்க்காலுக்கு இரண்டு வருஷம் தண்ணீர் கடைசியாகத்தான் வந்தது.

சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற சட்டம் வந்தபின் அந்தச் சொல் எல்லோர் வாயிலும் வந்தது. ஒலிபெருக்கி கட்டிய கார்களில் கேட்டது. மதகுச் சுவர்களில் தாரால் எழுதியிருந்தார்கள். இப்போது அதற்குக் கருத்து ராசாவுமில்லை, ஜீப்பில் வருகிற அதிகாரியுமில்லை. கொழும்பில் இருக்கிற அரசாங்கம். கூட்டங்களில் அதைக் கேட்கும்போது நானும் கைதட்டினேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அந்தச் சட்டத்தை எதிர்த்து, கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக வாசல்களில் சத்தியாக்கிரகம் நடந்தது. பெண்களும் வரவேண்டும் என்றார்கள். அக்காவும் நானும் பஸ்ஸில் வவுனியாவுக்குப் போய் வெய்யிலில் இருந்தோம். தெருவுக்கு அந்தப் பக்கம் ஆமிக்காரர் துவக்கோடு நின்றார்கள்.

ஒருவர் எழும்பிப் பேசினார். சிங்களம் படித்துச் சோதனை எடுக்க மறுத்து வேலையை விட்டுவந்த தியாகி ஒருவர் நம்மோடு இருக்கிறார் என்று முன்வரிசையைக் காட்டினார். வெள்ளை வேட்டியோடு அங்கே இருந்தது எங்கள் பழைய குடியேற்ற அதிகாரி. "கொடுங்கோலர் ஆட்சிக்கு அஞ்சாத மனிதர்" என்றார் பேசியவர். சனம் கைதட்டியது.

அக்கா எழும்பிவிட்டா. "இவர் இருக்கிற இடத்திலை நான் இருக்கமாட்டன். கைக்குழந்தையோடை என்னைத் தெருவிலை விடப்பாத்தவர்!"

தொண்டர் ஒருவர் ஓடிவந்தார். "அம்மா, இப்ப அது கதைக்கிற நேரமில்லை. ஆமிக்காரங்கள் பாத்துக்கொண்டு நிக்கிறாங்கள். இருங்கோ."

அக்கா என் பக்கம் திரும்பினா. "பிள்ளை, நீ சொல்லு. நான் சொல்லுறது பொய்யோ?"

சுற்றியிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். முன்வரிசையிலிருந்து அவரும் திரும்பிப் பார்த்தார்.

"இருங்கோ அக்கா. பிறகு கதைப்பம்" என்றேன்.

அக்கா இருக்கவில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பஸ் நிலையத்துப் பக்கம் தனியே நடந்தா.

பின்னொரு நாள் ஆமிக்காரர் வந்து எங்களை இழுத்து அப்புறப்படுத்தினார்கள். பெண்கள் பக்கம் அவர்கள் வந்தபோது முதலில் குறுக்கே போய் நின்றது அந்தப் பழைய அதிகாரிதான். துவக்குப் பிடியால் அவர் முகத்தில் அடித்தார்கள். வேட்டியெல்லாம் இரத்தம். அவரை எப்படி நினைப்பதென்று அன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை.

அக்கா அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வா. ஏழெட்டு மாதம் கழித்து, மூத்த மகள் சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையானபோது ஆள் அனுப்பிக் கூப்பிட்டா. குசினி அடுப்படியில் இரண்டுபேரும் தனியாக இருந்தபோது சொன்னேன்: "அண்டைக்கு நான் உங்களோடை வந்திருக்கோணும்."

"ஓம்" என்றா அக்கா. "வந்திருக்கோணும்."

பிறகு, உழுந்தை என் பக்கம் தள்ளிவிட்டு, கல்லுப் பொறுக்கச் சொன்னா.