மேசையில் வைத்தது திரும்பாது

என் நாத்தனாரைப் பற்றி யார் கேட்டாலும் அவருடைய விதியைத்தான் முதலில் சொல்வேன். மேசையில் வைத்தது திரும்பாது. எங்கள் மாதர் மன்றம் தர்ம காரியங்களுக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழம்பொருள் விற்பனை நடத்தும். அந்த நீள மேசைக்கு ஒரு பொருள் வந்துவிட்டால் வந்ததுதான். தெரியாமல் கொடுத்துவிட்டேன், மருமகள் தவறாக எடுத்து வைத்துவிட்டாள் என்று யார் வந்து அழுதாலும் அவர் அசைய மாட்டார். பஸ் டிப்போவில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். சாக்குப்போக்கு கேட்டுக் கேட்டே காது மரத்துப்போனவர்.

இன்னொரு விதியும் அவர் போட்டதுதான். விற்பனையில் வேலை செய்பவர்கள் கதவு திறப்பதற்கு முன் எதையும் தங்களுக்கென்று எடுக்கக் கூடாது. ஒருமுறை எங்கள் தலைவி ஒரு பூச்சாடியை நாற்காலிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். என் நாத்தனார் அத்தனை பேர் முன்னாலும் அதைத் தூக்கி மேசையில் வைத்து, "தலைவியா இருந்தா என்ன, வரிசையில வந்து வாங்குங்க" என்றார். தலைவி ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. இவரா கவலைப்படுவார்!

நல்ல பொருளுக்குச் சிவப்புச் சீட்டு, சுமாரானதற்கு நீலம், பழுதானதற்கு மஞ்சள். சீட்டுச் சுருளை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு அவர் வேலை செய்கிற வேகத்தைப் பார்க்க வேண்டும். எல்லோரும் அவரைச் சீட்டக்கா என்பார்கள். எனக்கு மட்டும் அண்ணி. தன் கணவர் போன பிறகு அவர் எங்கள் வீட்டு முன்னறையில்தான் இருக்கிறார். சாயங்காலமானால் கால் சில்லிட்டுவிடும். ஒரு பச்சைக் கம்பளிச் சால்வையைக் காலில் சுற்றிக்கொண்டு உட்காருவார். வாசல் மணி அடித்தால் போதும், சால்வை சுருண்டு அலமாரிக்குள் போய்விடும். அதன் ஓரத்தில் நீல நூலில் ஒரு தையல் இருந்தது. கிழிசல் வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறார் போல, என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

நான் மன்றத்தின் செயலாளர். விற்பனை அவர் பொறுப்பு, அன்றைக்கே மாலையில் நடக்கும் சிறப்புப் பேச்சு என் பொறுப்பு. இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் நாற்காலி வாடகை ஒரு தடவையோடு போகும் என்பது தலைவியின் யோசனை. ஐந்து மணிக்கு மேசையை ஒதுக்க வேண்டும், ஆறு மணிக்குப் பேச்சாளர் எழுந்து நிற்க வேண்டும். நடுவில் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருப்பதே பெரிய விஷயம்.

அன்றைய பேச்சாளர் ஒரு பள்ளி ஆசிரியை. முப்பத்தொரு வருடம் வகுப்பில் பேசியே வாழ்ந்தவர். தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு கருவியை வைத்து அழுத்தினால் பேச்சு வரும் என்று அவருடைய மகள் எனக்குக் கடிதத்தில் எழுதியிருந்தாள். 'அறுவை சிகிச்சைக்குப் பிறகு அம்மா வெளியாள் முன்னால் பேசுவது இதுதான் முதல் தடவை. மூன்று மாதமாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறாள். இது நடக்காவிட்டால் இனிமேல் வாயே திறக்க மாட்டாள்.' அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அப்படிப்பட்ட கருவிகளை வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொடுக்கத்தான் அந்தத் தடவை விற்பனையே. ஆனால் அது எப்படி இருக்கும் என்று எங்களில் ஒருத்தி பார்த்திருக்க வேண்டுமே! நான் ஏதோ மைக், ஸ்பீக்கர் என்று பெரிய பெட்டியாகக் கற்பனை செய்து, தனியாக ஒரு ஸ்டூல் கூடப் போட்டு வைத்திருந்தேன்.

நாலே முக்கால் இருக்கும். வெளியே கொட்டுகிற மழை. மகள் டீச்சரை வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்த இடம் தேடிப் போனாள். டீச்சர் நனைந்த மழைக்கோட்டோடு உள்ளே வந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார், கோட்டைக் கழற்றினார், கூடத்தின் கடைசியில் இருந்த கொக்கியில் மாட்டப் போனார். இரண்டு கையும் வேண்டியிருந்ததால், கையில் இருந்ததைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எந்த மேசை? அந்த மேசை.

கை கால் துடைத்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர் மேசையைப் பார்த்தார், கீழே பார்த்தார், என் கையைப் பிடித்தார். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. நான் ஒரு முட்டாள். மேடை பயம் என்று நினைத்து நாற்காலியில் உட்காரவைத்து, விசிறிவிட்டு, "ஒண்ணும் இல்ல டீச்சர், எல்லாருக்கும் முதல்ல இப்படித்தான் இருக்கும், கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றேன். அவர் தண்ணீரைத் தள்ளிவிட்டுப் பதிவேட்டை இழுத்து எழுதினார். 'கருவி. இங்கே வைத்தேன். சின்ன டார்ச் மாதிரி இருக்கும்.' அதற்குக் கீழே, 'வேறு இல்லை' என்று எழுதி இரண்டு கோடு போட்டார்.

திரும்பிப் பார்த்தேன். அண்ணி மீந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இங்க டார்ச் மாதிரி ஒண்ணு இருந்துச்சா?"

"இருந்துச்சு. எரியல. அமுக்கினா வண்டு மாதிரி இரையுது, அவ்வளவுதான். மஞ்சள் ஒட்டினேன், வித்துப்போச்சு."

"யார்கிட்ட?"

"கடிகாரக்காரர்கிட்ட. ஏன்?"

சொன்னேன். அவர் கையிலிருந்த துணி நழுவியதை அவர் கவனிக்கவில்லை. டீச்சரைப் பார்த்தார், அந்த அம்மாவின் கழுத்தில் கட்டியிருந்த மெல்லிய துணியைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்கு நான் மருமகளாக வந்து இருபத்திரண்டு வருடம். அவர் முகம் அப்படி வெளுத்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கடிகாரக்காரரை எங்களுக்கெல்லாம் தெரியும். ஒவ்வொரு விற்பனைக்கும் முதல் ஆளாக வருவார், மேசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்ப்பார், முடிகிற நேரம்வரை இருந்து, மஞ்சள் சீட்டுப் பொருள் ஒன்றை வாங்கிக்கொண்டு போவார். கடை இரண்டு தெரு தள்ளி. மகள் வந்ததும் டீச்சரை அவளிடம் ஒப்படைத்தேன். அந்தப் பெண் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "அம்மா மூணு மாசம் பழகினாங்க" என்று மட்டும் சொன்னாள். ஒரே குடையில் அண்ணியும் நானும் ஓடினோம். மணி ஐந்தேகால்.

கடை வாசலில் அண்ணி நின்றுவிட்டார். "நீயே போய்ப் பேசு. நான் இங்க நிக்கிறேன்."

"வித்தது யாரு? நீங்கதானே! விளையாடுற நேரமா இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

கடிகாரக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். அவர் முன்னால், விளக்கு வெளிச்சத்தில், கருவி திறந்து கிடந்தது. திருகாணிகள் ஒரு தட்டில், ஒல்லியான கம்பிகள் வெளியே. மூச்சு விடாமல் விஷயத்தைக் கொட்டினேன். ஒரு அம்மாவின் குரல் இது, இன்னும் முக்கால் மணி நேரத்தில் அவர் பேச வேண்டும், தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

"மேசையில வெச்சது திரும்பாதுன்னு உங்க அக்காதானே சொல்வாங்க."

என் மூக்கு நுனியில் இருந்த கோபம் வெளியே வந்துவிட்டது. "அது பழைய துணிக்கும் பாத்திரத்துக்கும் சொல்றதுங்க! ஒரு மனுஷி அங்க பேச முடியாம உட்கார்ந்திருக்காங்க, நீங்க விதி பேசுறீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?"

"பழைய துணிக்கு மட்டும்தானாம்மா?" என்றார் அவர். குரலை உயர்த்தவே இல்லை. குனிந்து வேலையைத் தொடர்ந்துகொண்டே பேசினார். "நாலு வருஷம் முன்னாடி என் சம்சாரம் தவறிட்டா. ரெண்டாவது வாரமே என் தங்கச்சி அலமாரியைக் காலி பண்ணி மூட்டை கட்டி உங்க மன்றத்துக்குக் குடுத்துட்டா. நல்லதுன்னு நினைச்சுத்தான் பண்ணினா. அதுல ஒரு சால்வை. ஆஸ்பத்திரியில கடைசி வரைக்கும் அவ போர்த்தியிருந்தது. விஷயம் தெரிஞ்சு நான் ஓடி வரும்போது உங்க கதவே இன்னும் திறக்கல. வெளியில நின்னு கெஞ்சினேன். அது வித்துப்போச்சு, யார் வாங்கினாங்கன்னு தெரியாது, மேசையில வெச்சது திரும்பாதுன்னு சொன்னாங்க. கதவு திறக்காம எப்படிம்மா விக்கும்? இந்த நாலு வருஷமா அதைத்தான் யோசிக்கிறேன்."

"என்ன சால்வை?" என்று கேட்டது நான்தான். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"பச்சைக் கம்பளி. ஓரத்துல இஸ்திரிப்பெட்டி பட்டுப் பொத்தலாயிடுச்சு. வீட்டுல பச்சை நூல் இல்லன்னு நீல நூல்ல தைச்சா. யாராவது வாங்கினவங்க திருப்பி மேசைக்குக் கொண்டுவர மாட்டாங்களான்னு ஒவ்வொரு தடவையும் வந்து பார்க்கிறேன். வெறுங்கையோட போனா நல்லா இருக்காதுன்னு எதையாவது வாங்கிட்டுப் போவேன்."

எனக்கு வாய் வரை வந்துவிட்டது. பூச்சாடிக்காகத் தலைவியை நிற்கவைத்துக் கேட்ட மனுஷி! வாசல் மணிக்கெல்லாம் அலமாரிக்கு ஓடிய சால்வை! நான் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே முடிந்திருக்கும். ஆனால் இத்தனை வருடம் ஒரே அடுப்படியில் நின்றவர்கள் நாங்கள். அவர் வாயால் வரட்டும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். சுவர் முழுக்கக் கடிகாரங்கள், ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகாமல் ஓடின. அண்ணி குடையைப் பிடித்தபடி நின்றார். தரையில் தண்ணீர் சொட்டியது.

"எங்கிட்ட இருக்கு" என்றார் அண்ணி.

கடிகாரக்காரரின் கை நின்றது.

"கதவு திறக்கிறதுக்கு முன்னாடி நான்தான் எடுத்தேன். காசு போட்டுத்தான் எடுத்தேன், இருந்தாலும் எடுக்கக் கூடாது. வாழ்க்கையில அந்த ஒரு தடவைதான். நீங்க வந்து நிக்கும்போது அது என் பைக்குள்ள இருந்துச்சு. அத்தனை பேருக்கு நியாயம் சொல்லிட்டு, நானே எடுத்தேன்னு எப்படிச் சொல்லுவேன்? சொல்ல வாய் வரல. அப்புறம் நாள் போகப் போக இன்னும் வரல." மூச்சு வாங்கியது அவருக்கு. "இப்பவே போய்க் கொண்டுவரேன். அதுக்காக அந்த அம்மாவோட பொருளைப் பிடிச்சு வெச்சுக்காதீங்க."

கடிகாரக்காரர் கடைசித் திருகாணியைத் திருகி, கருவியைத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். "பிடிச்சு வைக்கலம்மா. இது ஒருத்தரோட குரல்னு நீங்க சொன்னதுமே மூட ஆரம்பிச்சுட்டேன். பேசிக்கிட்டே மூடினது உங்களுக்குத் தெரியல." பிறகு எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "பழக்கமில்லாத பொருள். சரியா ஓடுதான்னு பார்க்க நானும் வரேன்."

அண்ணி குடையை எங்களிடம் கொடுத்துவிட்டு மழையில் வீட்டுப் பக்கம் நடந்தார்.

ஆறுக்கு மூன்று நிமிடம். டீச்சர் கருவியை வாங்கிக் கழுத்தில் வைத்து அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. கடிகாரக்காரர் மூடியைத் திறந்து பேட்டரியைத் திருப்பிப் போட்டார். டீச்சர் மறுபடி அழுத்தினார். இரைச்சலான, ஏற்ற இறக்கம் இல்லாத ஒரு குரல் வந்தது. "தேங்க்ஸ்." மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

டீச்சர் எழுந்து நின்றார். அறுபது பேர். ஒரு இருமல்கூட இல்லை. கருவியைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார், மஞ்சள் சீட்டு அதில் அப்படியே இருந்தது. "வணக்கம். ஒரு மணி நேரம் முன்னாடி என்னைப் பழுதுன்னு சீட்டு ஒட்டி வித்துட்டாங்க. வாங்கவும் ஆள் இருந்தது." கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் அவர் தோள் தளர்ந்ததை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம், நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தியிருக்க மாட்டார்.

பேச்சு முடிந்து எல்லோரும் டீ வாங்கப் போன பிறகுதான் அண்ணி கடைசி வரிசைக்கு வந்தார். தலை முழுக்க நனைந்திருந்தது. சால்வை மட்டும் நனையாமல் பிளாஸ்டிக் பைக்குள் இருந்தது. அதை எடுத்துக் கடிகாரக்காரரின் மடியில் வைத்தார். மன்னிப்புக் கேட்டாரா என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். கேட்டார், கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டார். பக்கத்தில் நின்ற தலைவி காதிலும் அது விழுந்தது. அதைப் பற்றி அண்ணி கவலைப்படவில்லை.

கடிகாரக்காரர் நீலத் தையலை விரலால் தடவினார். பிறகு சால்வையை முகத்தோடு சேர்த்து வைத்து மூச்சை இழுத்தார். எடுத்தார். மறுபடி வைத்துப் பார்த்தார்.

"துவைச்சுட்டீங்களா?" என்று கேட்டார்.

"வாராவாரம்" என்றார் என் நாத்தனார்.