சிவப்பு அலமாரியின் கொக்குகள்

பாலசமுத்திரத்தில் பொழுது சாய்கிறது. பழைய சீனப் பொருள்களைச் சேர்க்கும் நான், ரேவதி வீட்டுக் கூடத்தில் ஒரு சிவப்பு அலமாரியின் முன் நிற்கிறேன். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் அவர் கணவர், இடிக்கப்போன வீட்டில் கிடைத்ததைக் கப்பலில் அனுப்பியிருக்கிறார். விற்கச் சம்மதித்துத்தான் ரேவதி என்னை வரச் சொன்னார். வாசலில் வேன் நிற்கிறது.

கரண்ட் போகிறது. ரேவதி அகல் விளக்கை ஏற்றி அலமாரிக்கு எதிரே வைக்கிறார். கதவில் தீட்டிய தங்கக் கொக்குகள், சுடர் அசைய அசைய மெல்லச் சிறகடிக்கின்றன. இருவரும் அவற்றையே பார்க்கிறோம்.

“விளக்கு வெச்சாச்சி சார். இனிமே வீட்டுப் பொருள வெளிய குடுக்க மாட்டோம்.”

“அப்ப காலையில வரட்டுமா?”

கொக்குகளிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்கிறார்: “வாங்க. அப்பவும் விளக்கு எரிஞ்சிக்கினுதான் இருக்கும்.”