சுக்கான் பிடித்தவருக்குப் பொன்னாடை

பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கக் கட்டிடங்களில் பொன்னாடை ஒன்றிரண்டு உறை பிரிக்காமல் எப்போதும் கிடக்கும். எந்த அமைச்சர் எந்த நேரம் வந்து இறங்குவார் என்று யாருக்குத் தெரியும்? அப்படி அமைச்சருக்கென்று வைத்திருந்த ஒன்றைத்தான் அன்று சம்மாட்டியார் எடுத்துவந்தார். வள்ளமும் வலையும் சொந்தமாக உள்ள மனிதர், சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். கரையில் குந்தியிருந்த ஒருவரின் தோளில், வெயிலிலும் உப்பிலும் தோலுரிந்த தோளில், அதைப் போர்த்தினார்.

வந்தவர்கள் ரோஹிங்யா மக்கள். மலேசியாவுக்கென்று புறப்பட்டு வழிதவறியவர்கள். எங்கள் மீனவர்கள் நடுக்கடலில் அவர்களுடைய படகைக் கண்டு கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்கள். செய்தி கேட்டதும் கம்பஸிலிருந்து நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வான் வண்டியில் தண்ணீர்ப் போத்தல்களும் பேக்கரிப் பாணும் குழந்தைகளுக்குப் பால்மாவும் ஏற்றிக்கொண்டு போனோம். நான் அப்போது மூன்றாம் வருடம். உலகத்தைத் திருத்திவிடலாம் என்ற எண்ணம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மௌலவி ஒருவருக்கு உருது தெரியும், வந்தவர்களில் சிலருக்கும் அது விளங்கியது. அவர்தான் கேட்டுச் சொன்னார். காசு வாங்கி ஏற்றியவர்கள் பாதி வழியில் வேறு படகில் ஏறித் தப்பிவிட்டார்களாம். கரையில் குந்தியிருந்த இந்த மனிதர் தன் ஊரில் மீன்பிடித்தவர். வேறு யாருக்கும் கடல் தெரியாததால் சுக்கானை இவர் பிடித்திருக்கிறார். கூட வந்தது ஒரே மகள், ஆறேழு வயது இருக்கும். தாய் உயிரோடு இல்லை.

சம்மாட்டியாருக்கு அவ்வளவும் போதும். அந்தக் கரையில் ஆட்களைக் கரைசேர்த்தவனுக்குத்தான் முதல் தேத்தண்ணி, முதல் கதிரை. "உவர்தான் சுக்கான் பிடிச்சவர்! இவ்வளவு சனத்தையும் உயிரோடை கொண்டந்து சேர்த்திட்டார். எங்கடை ஆக்களுக்கும் உது லேசில்லை" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். எல்லோரும் கை தட்டினோம். அந்தப் பிள்ளை பொன்னாடைக்குள் புகுந்து, ஜரிகைக் கரையை விலக்கி எட்டிப் பார்த்துச் சிரித்தது. என்னோடு படிக்கிற எங்கள் பட்ச் பெடியன் ஒருவன் அதை வீடியோ எடுத்து அன்று பின்னேரமே முகநூலில் போட்டான். நல்ல வீடியோ. அதைப் பார்த்து நான் அழுதேன்.

அடுத்த நாள் பொலிஸ் வந்து அந்த மனிதரை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. சட்டவிரோதமாக ஆட்களைக் கொண்டுவந்த குற்றம். ஆதாரம் என்ன என்று கேட்டால், எங்கள் வீடியோ. சம்மாட்டியார் தன் வாயால் சொன்னதெல்லாம் அதில் தெளிவாகக் கேட்டது. நீதிமன்றம் அவரை விசாரணை முடியும்வரை விளக்கமறியலில் வைத்தது. மற்றவர்களை ஒரு பாடசாலை மண்டபத்தில் வைத்தார்கள். மகள் மண்டபத்தில், தகப்பன் மறியலில்.

இரண்டு பேரையும் ஒன்றாக விடு என்பதுதான் எங்கள் கோரிக்கை. வேறொன்றும் கேட்கவில்லை. பருத்தித்துறை பஸ் நிலையத்துக்கு முன்னால் கவனயீர்ப்புப் போராட்டம் வைத்தோம். வந்தது ஒரு கைப்பிடி ஆட்கள். படம் எடுக்க வந்தவர், "பிள்ளையள், கொஞ்சம் நெருங்கி நில்லுங்கோ, அப்பத்தான் கூட்டம் மாதிரித் தெரியும்" என்றார். நெருங்கி நின்றோம். எங்கள் பதாகையில் 'படகோட்டியை விடுதலை செய்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பொலிஸ் அதிகாரி ஒருவர் அதை ஆறுதலாக வாசித்துவிட்டு, "படகோட்டி எண்டு நீங்களே எழுதிப் பிடிச்சிருக்கிறியள். பிறகென்ன?" என்றார். அவர் நக்கலடித்தாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

காசு வாங்காமல் வழக்குப் பேச வந்த சட்டத்தரணி அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "முதலிலை அந்த வீடியோவை முகநூலிலை இருந்து எடுங்கோ" என்றார். எங்கள் பெடியன் முகநூலிலிருந்து மட்டுமல்ல, போனிலிருந்தும் அழித்தான். ஆனால் அது ஏற்கெனவே ஊர் சுற்றிவிட்டது. ஒரு முகநூல் பக்கம் அதை எடுத்து 'ஆட்கடத்தல்காரனுக்குப் பொன்னாடையாம்' என்று தலைப்புப் போட்டிருந்தது. கீழே ஒரே சிரிப்புப் பொம்மைகள். திருப்பி அனுப்பு, எங்களுக்கே இடமில்லை என்று எழுதியிருந்தவர்கள் யார் என்று ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தேன். வெளிநாட்டுப் பனியில் கார் நிறுத்தி அதில் சாய்ந்து படம் போட்டிருக்கிற எங்கடை ஆட்கள். அவர்களோ அவர்களுடைய தகப்பன்மாரோ எப்படி அகதியாக அந்த நாட்டுக்குப் போனார்கள் என்று எனக்குத் தெரியாதா? பற்றிக்கொண்டு வந்தது. நீளமாக ஒரு பதில் எழுதினேன். அதற்கும் ஒரு சிரிப்புப் பொம்மை விழுந்தது.

சம்மாட்டியார் ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தார். ஒருநாள் வாசலில் என்னை மறித்து, "தங்கச்சி, அவர் பிடிக்காட்டி ஆர் பிடிக்கிறது? சுக்கானை விட்டிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் உவையள் அவரை விட்டிருப்பினமோ?" என்று கேட்டார். ஓம் அண்ணை, அப்படி இருந்திருந்தால் விட்டிருப்பார்கள், எல்லோரும் செத்தும் போயிருப்பார்கள் என்று எப்படிச் சொல்வது? தவணை திரும்பவும் தள்ளிப்போனது.

பிறகு ஒருநாள் மண்டபத்தில் இருந்தவர்களை வேறு மாவட்டத்து முகாமுக்கு மாற்ற பஸ் வந்தது. தகப்பனை ஒருமுறை காட்டிவிட்டாவது ஏற்றுங்கள் என்று சட்டத்தரணி அக்கா மன்றாடினார். அதற்கு மேலிடத்து அனுமதி வேண்டும் என்றார்கள். அந்த மேலிடம் எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

பஸ்ஸில் ஏற்ற வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அந்தப் பிள்ளை வரிசையை விட்டு ஓடிவந்து எங்கள் பெடியனின் காற்சட்டைப் பையைத் தட்டியது. போன் இருக்கிற பை. பிறகு கையை இடுப்புப் பக்கம் நீட்டி, எதையோ இறுக்கிப் பிடித்து இங்கும் அங்கும் அசைத்துக் காட்டியது. சுக்கான். தகப்பனின் வீடியோவைக் கேட்கிறது. அவளிடம் அவருடைய படம் வேறு ஒன்றும் இல்லை.

அவன் போனை எடுத்து, இல்லை என்று காட்டினான். அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. என் போனில் அந்த முகநூல் பக்கத்தைத் தேடித் திறந்தேன். வேறு எங்கும் அது என் கைக்கு அகப்படவில்லை. தலைப்பைப் பெருவிரலால் மூடிக்கொண்டு ஓடவிட்டேன். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, அது தெரிந்தும் மூடினேன். சம்மாட்டியாரின் குரல் கேட்டது. கைதட்டல் கேட்டது. திரையில் பொன்னாடைக்குள்ளிருந்து அவளே எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

முடிந்ததும் என் விரலை விலக்காமல், திரையைத் தொட்டுத் திரும்பவும் ஓடவிட்டாள். மூன்றாம் முறை ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பொலிஸ்காரி வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றினாள்.