கட்டை மாறின கட்டுமரம்

வெள்ளைக்காரன் போய் அஞ்சாறு வருசம் இருக்கும். என் கொழுந்தனுக்கு அப்போதான் கிரேக்கப் பைத்தியம் பிடிச்சுது. திருவொத்தியூர்ல தீப்பெட்டிக் கம்பெனி ஆளுங்க ஒரு படிப்பகம் வெச்சிருந்தாங்க. கடலுக்குப் போகாத நாள்ல அங்கேயே போய் குந்திக்குவான். யாரோ வந்து பேசினாராம். ரொம்ப காலத்துக்கு முன்ன கிரேக்க தேசத்துல ஒரு ஞானி இருந்தாராம். உலகத்துல எதுவும் நின்ன இடத்துல நிக்காது, எல்லாம் ஓடிக்கினே கீது, நேத்து கால் வெச்ச ஆறு இன்னிக்கு இல்லைன்னு சொன்னாராம். கேக்க எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்த்தவளுக்கு இதைக் கிரேக்கத்துலேர்ந்து வந்து சொல்லணுமா? ஒரு மழைக்கு ஒரு இடத்துல வாய் திறக்கும், அடுத்த மழைக்கு வேற இடத்துல.

ஆனா அந்த ஞானத்தை வெச்சே என் சோத்துல மண்ணைப் போட வருவான்னு கனவுலயும் நினைக்கலை.

எங்க வூட்டுக்காரரு ஜப்பான்காரன் சண்டைக் காலத்துல ஒரு புயல்ல போனவரு. ஆளு வரலை, அவரு கட்டுமரம் மட்டும் கரை ஒதுங்குச்சு. அதுலதான் கொழுந்தன் தொழிலுக்குப் போனான். எங்க குப்பத்துல மீன் கரைக்கு வந்தா, கடலுக்குப் போன ஆளுங்களுக்குப் பங்கு உண்டு, மரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த மரப்பங்கு எனக்கு. கூடை தூக்கி வித்தாலும், என் ரெண்டு பொண்ணுங்க வயிறு நிறைஞ்சது அந்தப் பங்காலதான்.

கட்டுமரத்தைக் கரைக்கு வந்ததும் அவுத்து, கட்டைங்களைத் தனித்தனியா காயப் போடுவாங்க. மறுபடி போறப்போ கட்டுவாங்க. ஊறிப்போன கட்டையைத் தள்ளிட்டுப் புதுசு சேர்ப்பாங்க. அப்படியே பத்து வருசத்துல எல்லாக் கட்டையும் மாறிப் போச்சு. வாங்கிப் போட்டவன் கொழுந்தன்தான், நான் இல்லேங்கலை.

ஒரு நாள் பஞ்சாயத்தைக் கூட்டிட்டான்.

“அண்ணன் வெச்சிருந்த கட்டை ஒண்ணுகூட இதுல இல்ல. பழைய ஆறே இல்லைன்றப்போ பழைய மரம் எங்க கீது? இது வேற மரம். அண்ணிக்கு இன்னாத்துக்குப் பங்கு?”

ஷோக்காத்தான் பேசினான். பெரியவர் ஒருத்தர் தலையைக்கூட ஆட்டினார். அங்க பொம்பளைங்க வாய் திறக்கிற வழக்கமில்லை. வழக்கமாவது மண்ணாவது! எழுந்து நின்னேன்.

“இன்னாடா, மாறினது மரம் மட்டுமா? அன்னிக்கு நீ ஒல்லிப் பய. இன்னிக்குத் தொப்பை போட்டுட்டே, புள்ளை பெத்துட்டே. உங்க அண்ணன் செத்த வயசை நீ தாண்டியாச்சு. அவருக்கு இனிமே வயசு ஏறாது. உங்க ஞானி பேச்சுப்படியே சொல்லு, இப்போ உங்க ரெண்டு பேர்ல யாரு அண்ணன், யாரு தம்பி?”

அந்த வயசு விசயம் அவனுக்கு அதுவரைக்கும் உறைக்கலை போல. எனக்கும் சொன்ன பிறகுதான் உறைச்சுது. நானும் அவரைவிட மூத்தவளாயிட்டேன். இப்போ எதிர்ல வந்து நின்னா என்னை அக்கான்னு கூப்பிடுவாரோ?

கொழுந்தன் அப்படியே மணல்ல குந்திட்டான்.

“அண்ணன் அண்ணன்தான், அண்ணி.”

“அப்போ மரம்?”னு பெரியவர் கேட்டார்.

அவன் தலையைத் தூக்கலை. “அதுவும் அண்ணனுதுதான்.”