முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தெட்டு வரை

ரயில் நிலையத்தில் தொடங்கிச் சுரங்கத்தில் முடியும் அந்த மாநில நெடுஞ்சாலையின் நீளம் நூற்று இருபத்தேழு கிலோமீட்டர். முப்பத்தொன்றாம் கல்லிலிருந்து முப்பத்தெட்டாம் கல் வரை அவள் பொறுப்பு. பத்தொன்பது வருடமாகக் குழி அடைத்தாள், புதர் வெட்டினாள், கல்லுக்கு வெள்ளையடித்து 'சுரங்கம் 96' என்று கறுப்பில் எழுதினாள். சுரங்கத்தை மட்டும் பார்த்ததில்லை. அந்தப் பக்கம் பேருந்து போனால், அது மறையும்வரை மண்வெட்டி தரையில் இறங்காது.

முதலில் அந்தச் சாலை தாது ஏற்றிய மாட்டுவண்டிகளின் தடம். ஏரியைச் சுற்றி வளைந்து போனது. பிறகு சரளை, அப்புறம் தார். ஏரி வற்றி வீடுகளும் வந்துவிட்டன. வளைவு மட்டும் விடாப்பிடியாக நின்றது. இந்த வருடம் அதை விட்டு நேர்ச்சாலை போட்டார்கள். தூரம் குறைந்தது, ஆளும் ஒருவர் மிச்சமானார்.

"ரெண்டு பேர்ல ஒருத்தர் சுரங்கத்துப் பக்கம் போகணும். வெள்ளிக்கிழமைக்குள்ள பேசி முடிவு பண்ணுங்க" என்றார் சாலை ஆய்வாளர். இன்னொருவன் அடுத்த கல்லிலிருந்து வேலை பார்ப்பவன். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு அவனுக்கு.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள், உள்ளே போனாள், மறுபடி வந்தாள்.

"நீ கம்முனு இரும்மா. அங்க ஒரே தூசி" என்றான் மகன்.

"இங்க மட்டும் பன்னீரா தெளிக்கிறாங்க? தார்ல வெந்தவடா நான்."

"இந்த வயசுல உனக்குக் கால் ஒரு எடத்துல நிக்கமாட்டேங்குது."

வெள்ளிக்கிழமை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் நின்றாள். திறந்ததும் மாற்றலுக்குக் கையெழுத்துப் போட்டாள். பின்னாலேயே வந்தவன் விஷயம் தெரிந்ததும் கண்கலங்கி அவள் காலில் விழப் போனான்.

"அக்கா, எம் புள்ளைங்களுக்காக..."

ஆய்வாளர்கூட எழுந்து நின்றுவிட்டார். அந்த மரியாதை அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

"எந்திரிடா! உனக்காக ஒண்ணும் இல்ல. நீ முந்திக்குவியோன்னுதான் ஆபீஸ் தெறக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னேன்."

அவன் முகம் தொங்கிவிட்டது. "அப்ப நான் இப்ப மனசுக்குள்ள உங்களுக்காக வேண்டிக்கிட்டதெல்லாம்?"

"அது வீணாகாது, கொண்டுபோறேன்" என்றவள் ஆய்வாளர் பக்கம் திரும்பினாள்.

"திங்கக்கிழமை சேர்ந்தாப் போதும்மா."

"நாளைக்கே சேரக் கூடாதா சார்?"