மூடியில் வைத்த விபூதி

நான் ஆராய்ச்சி செய்தது தன்னைத் தானே வெட்டிக்கொள்ளும் ஆர்என்ஏவை. மூன்று கிளையாக மடங்கும். இரண்டு கிளைகள் தொட்டுக்கொண்டதும் நடுப்பகுதி இறுகும். அங்கே ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான குவானின், ஓர் ஆக்சிஜனிடமிருந்து புரோட்டானைப் பிடுங்கும். அந்த ஆக்சிஜன் பக்கத்துப் பாஸ்பேட்டின் மேல் பாயும். அறுந்து போகும் முனைக்கு இன்னொரு குவானினின் சர்க்கரை ஒரு புரோட்டானைக் கொடுத்து வழியனுப்பும். வழக்கமாக இந்த மாதிரி வேலையைச் செய்யும் புரதத்தின் தயவே வேண்டாம். "உயிர் உண்டாக இதுவே போதும், சாமி எதுக்கு லா?" என்று கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் நண்பர்களிடம் அளந்துகொண்டிருந்தேன்.

ஆனால் மடிப்பு நிற்க மெக்னீசியம் மாதிரி ஓர் உலோகம் வேண்டும். அதை நிரூபிக்க, மெக்னீசியம் போடாத சோதனைக் குழாய் ஒன்றும் வைப்போம். அதில் ஆர்என்ஏ வெட்டாமல் சும்மா கிடக்க வேண்டும். என்னுடையது சும்மா கிடக்கவில்லை. அடுத்த முறையும் இப்படி வந்தால் முனைவர் பட்டத்தை மறந்துவிட்டு முதுகலையோடு கிளம்பலாம் என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

வீடு இருக்கும் கிள்ளானிலிருந்து பல்கலைக்கழகம் இருக்கும் செமினிக்குப் போகும் வழியில், ரயில் மாறும் இடத்தில் இறங்கி ஒரு பொட்டலம் விபூதி வாங்கினேன். நெற்றியில் கொஞ்சம். யாரும் பார்க்காதபோது, குழாய்களில் ஊற்றும் கரைசல் பாட்டிலின் மூடியிலும் ஒரு கீற்று. அந்த வாரமும் குழாய் வெட்டியது, முன்பைவிட அதிகமாக. பயத்தில் இன்னும் தாராளமாகப் பூசினேன். அது இன்னும் உற்சாகமாக வெட்டியது.

ஆய்வகத்தில் பக்கத்து மேசையில் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த அக்கா இருந்தார். உலோகத்தைப் பிடித்து வைக்கும் மருந்தை என் குழாயில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். வெட்டு நின்றது.

"தம்பி, உன் கரைசல்ல எங்கிருந்தோ உலோகம் வருது. மூடியில என்னப்பா வெள்ளையா?"

"அது... சும்மா லா, அக்கா."

அவர் விரலால் தொட்டு, மோந்து பார்த்து, சிரிக்கத் தொடங்கினார். நிறுத்தவே இல்லை. "சாம்பல்னா கால்சியம், மெக்னீசியம் எல்லாம் இருக்கும்டா! நீயே கொட்டிட்டு நீயே அழுவுறியா?"

"மொதல்ல நான் பூசலையே அக்கா, அப்பவும் வெட்டுச்சே!"

விபூதி படாத பழைய கரைசலைச் சோதித்தோம். அதைக் கலந்த தண்ணீரிலேயே கோளாறு. தண்ணீர் வடிகட்டியைப் பல மாதமாக யாரும் மாற்றவில்லை. விபூதி பாவம், ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த வீட்டில் எண்ணெய் ஊற்றியதுதான்.

வடிகட்டியை மாற்றி, முகம் கழுவி, எல்லாவற்றையும் புதிதாகச் செய்தேன். மெக்னீசியம் இல்லாத குழாய் சும்மா கிடந்தது. என் பட்டம் பிழைத்தது. எங்கே தவறு என்று பேராசிரியை எழுதித் தரச் சொன்னார். தண்ணீரைப் பற்றி ஒழுங்காக எழுதினேன். மற்றதை 'காற்றில் வந்த கனிமத் தூசி' என்று முடித்தேன்.

அன்று ரயிலில் பொட்டலத்தைப் பிரித்து நெற்றி நிறையப் பூசிக்கொண்டேன். மகிழ்ச்சியில் கண் கலங்கியது. நன்றி சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்கு முன்னால், தூசி என்று எழுதியதற்குச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.