கழுவிய கத்தரி இலை

எண்ணூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் வாசலில் ஒரு கத்தரித் தோட்டம் உண்டு. சமைக்க அல்ல, காட்ட. ஆய்வுக்கு வருபவர்கள் காரைவிட்டு இறங்கியதும் பச்சை தெரிய வேண்டும். நான் சுற்றுச்சூழல் பிரிவு. அந்தப் பச்சைக்கு நானும் பொறுப்பு.

எங்கள் பக்கம் இலை பச்சையாக இருப்பதில்லை. காற்றில் வரும் சாம்பல் படிந்து சிமெண்ட் நிறத்தில் இருக்கும். மேலாளர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்: வாசலைப் பார்த்த வரிசையை மட்டும் தினமும் குழாய் போட்டுக் கழுவுவது. பின்வரிசை யார் கண்ணிலும் படாது, அது அழுக்காகவே கிடக்கலாம்.

ஆய்வு நெருங்கும்போது முன்வரிசை இலைகளைப் பூச்சி அரித்துச் சல்லடையாக்கிவிட்டது. மேலாளர் தோட்டவேலை செய்யும் அக்காவைக் கூப்பிட்டு, கவனிப்பு போதாது என்று மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்.

அக்கா நேரே என்னிடம் வந்தார். "இன்னாம்மா இது? கய்வு கய்வுன்னு உசுர வாங்குனது அவுரு. பூச்சி துன்னா என் வேல போவுமா? அது இன்னா என் தோஸ்தா, நான் இட்டாந்து வுட?"

அவரோடு வாசலுக்குப் போய் முன்வரிசை இலை ஒன்றைத் திருப்பினேன். அடியில் மஞ்சள் முட்டைகள் நெருக்கியடித்து நின்றன. புள்ளி வண்டு. முட்டையிடுமுன் அது இலையைக் காலாலும் வாயாலும் சோதிக்கும். கத்தரி இனமா, புழுவுக்குத் தின்னக் கிடைக்குமா, அடிப்பக்கம் மறைவாக இருக்கிறதா. எங்கள் மேலாளர் ஆள் எடுக்கும்போதுகூட இவ்வளவு பார்த்ததில்லை. சாம்பல் வாயில் பட்டால் வண்டு வேறு செடிக்குப் போய்விடும். அதனால்தான் மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்கள்கூடக் கத்தரிக்குச் சாம்பல் தூவுகிறார்கள். மேலாளரோ ஓசியில் விழுந்த மருந்தைக் கழுவி, வண்டுக்கு இலை போட்டுப் பரிமாறியிருக்கிறார்.

இரண்டு வரிசையிலிருந்தும் ஒவ்வோர் இலை பறித்து அவர் மேசையில் வைத்து, விஷயத்தைச் சொன்னேன். பின்வரிசை இலையில் ஓட்டை இல்லை. இரண்டையும் புரட்டிப் பார்த்தார்.

"அப்போ சாம்பல் செடிக்கு நல்லதுன்னு ரிப்போர்ட்ல ஒரு வரி சேர்த்துடும்மா."

"இங்க இருக்கிற ஜனங்க மூக்குலயும்தான் சார் போகுது. அவங்களையும் வண்டு கடிக்கறதில்லைன்னு சேர்த்துடவா?"

இலைகளைக் குப்பைக்கூடையில் தள்ளினார். "சரி, அந்தம்மா இருக்கட்டும்."

கழுவுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. வருபவர்களுக்குப் பச்சை தெரிய வேண்டுமே. கழுவிய பிறகு ஒவ்வோர் இலையாகத் திருப்பி முட்டைகளை நசுக்க வேண்டும் என்று புது உத்தரவு வந்தது.

"வேல போவல, இன்னொன்னு வந்துகீது," என்றார் அக்கா, குழாயைத் திறந்தபடி. "இவுரு கய்வ சொல்வாரு, அது முட்ட வுடும், நான் நசுக்கணும். நல்லாகீதுமா உங்க கம்பெனி."